பரணில் கிடந்த கழுத்தும் ஒரு பேஸ் கிடாரும்

திருச்சியில் அப்பாவின் நண்பர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவோம். 80களில் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிடார் வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா என்று மாதத்தில் பாதி நாள் வேனில்தான் இருப்பாராம். ஒரு ராத்திரி அந்த வேனுக்குள் ஸ்பீக்கர் பெட்டி சரிந்து அவருடைய கிடார் மேல் விழுந்தது. உடல் பிளந்துவிட்டது, கழுத்து மட்டும் தப்பியது. அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கினோம். கூடவே அதுவும் இறங்கியது.

வேட்டியைப் பிரித்ததும் நான் முதலில் செய்தது, கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பார்த்ததுதான். முறுக்கு இல்லை. கொஞ்சம் முன்பக்கம் வளைந்திருந்தது, அவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பரண் சூட்டில் கிடந்த மேப்பிள் மரத்துக்கு அது பெரிய விஷயம். விரல் பலகை அடர்ந்த பழுப்பு நிறத்தில் ரோஸ்வுட். தலையில் ஒட்டியிருந்த பெயர் எப்போதோ உரிந்துபோயிருந்தது. கூடவே இருந்த இரும்புத் தகட்டில் மட்டும் 'மேட் இன் ஜப்பான்' என்று பொறித்திருந்தது.

"அத வெச்சு என்னடா பண்ணப் போற?" என்றார் சித்தப்பா.

"உடம்பு ஒண்ணு தேடப் போறேன் சித்தப்பா."

"எடுத்துட்டுப் போ. ஆனா வாசிக்கிற மாதிரி ஆச்சுன்னா இங்க கொண்டாந்து காட்டணும்."

இப்படி வெவ்வேறு கிடார்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றை உருவாக்க முடிவதற்குக் காரணம் அமெரிக்கக் கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் எடுத்த ஒரு முடிவு. 1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இருந்து அவர் பிரிசிஷன் பேஸ் என்ற கிடாரை வெளியிட்டபோது, கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டவில்லை. ஒரு பள்ளத்தில் உட்கார வைத்து நான்கு திருகாணிகளால் இறுக்கினார். தேய்ந்தால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். பின்னால் வந்த ஜப்பான், கொரியா தொழிற்சாலைகளும் அதே வழியைப் பின்பற்றின. அதனால் 70களின் ஜப்பான் கழுத்து 80களின் கொரியா உடலில் உட்காரும் என்று நம்பலாம். ஆனால் "உட்காரும்" என்பதற்கும் "பொருந்தும்" என்பதற்கும் இடையில் இரண்டு மி.மீ. இருக்கிறது. என்னுடைய ஐந்து மாத வேலையில் பாதி அந்த இரண்டு மி.மீ.க்குத்தான் போனது.

சென்னைக்கு வந்ததும் அளவு எடுத்தேன். விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். முதலில் பார்க்க வேண்டியது நட்டிலிருந்து, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சிறு கட்டையிலிருந்து, 12-வது ஃப்ரெட்டின் நடு வரைக்கும் உள்ள தூரம். அது 431.8 மி.மீ. இருந்தால் முழு நீளம் 863.6, அதாவது 34 அங்குலம். பிரிசிஷன் பேஸின் அளவு இதுதான். 381 இருந்தால் அது 30 அங்குலக் குட்டைக் கழுத்து, அதற்கு வேறு உடல் தேட வேண்டும். பழைய ஜப்பான் கிடார்களில் இரண்டும் உண்டு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு 432 காட்டியது. நட்டின் அகலம் 38 மி.மீ. 1960-ல் வந்த ஃபெண்டரின் ஜாஸ் பேஸின் மெலிந்த கழுத்துக்கு இருந்த அதே அளவு, என் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அடிப்பகுதி அகலம் 62, கனம் 25.

இந்த நான்கு எண்களையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் உடல் தேடப் போனேன். இதைச் செய்யச் சொல்லி யாரையும் நான் வற்புறுத்துவேன். கடையில் பளபளவென்று ஒன்றைப் பார்த்தால் மனசு அதன் பின்னால் போய்விடும், பைக்குள் இருக்கும் அட்டைதான் இழுத்துப் பிடிக்கும்.

ஒரு பழுதுபார்க்கும் கடையில் பிரிசிஷன் வடிவத்தில் கறுப்பு உடல் ஒன்று கிடைத்தது. "ஒரிஜினல் அமெரிக்கன் சார், சாலிட் மரம்" என்றார் கடைக்காரர். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் உட்காரும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். 'மேட் இன் கொரியா' என்று ஒரு ஸ்டிக்கர். அங்கே பெயின்ட் படாத ஓரத்தில் அடுக்கு அடுக்காகக் கோடுகள், அதாவது ப்ளைவுட். அதைக் காட்டியதும் விலை பாதியானது. நான் சந்தோஷமாக வாங்கினேன். ப்ளைவுட் என்றால் பலரும் முகம் சுளிக்கிறார்கள், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நல்ல ஒட்டு உள்ள ப்ளைவுட் நம் ஊர்ப் புழுக்கத்தில் வளையாது, திருகாணியை இறுக்கமாகப் பிடிக்கும். மின்சார பேஸின் குரலைப் பெரும்பாலும் முடிவு செய்வது தந்தியும், அதன் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும், கழுத்து எவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருக்கிறது என்பதும்தான். மரத்தின் ஜாதகம் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தக் கடையிலேயே செத்துப்போன உறுப்புகள் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. அதில் இரண்டு துண்டாக இருக்கும் பழைய பிரிசிஷன் வகை பிக்கப் ஒன்று கிடைத்தது. மல்டிமீட்டரில் ஒரு பாதி 5.1 கிலோ ஓம் காட்டியது. இன்னொரு பாதி எதுவும் காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அதையும் வாங்கிக்கொண்டேன். உடலில் தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் மட்டும் நண்பரிடமிருந்து வந்தது. சர்ச்சில் வாசிப்பவர், ஐந்து தந்திக்கு மாறியபோது தன் பழைய நான்கு தந்தி கிடாரிலிருந்து ஷாலர் கம்பெனியின் ஜெர்மன் பிரிட்ஜைக் கழற்றிக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு தந்தியும் ஒரு சிறிய உருளையின் மேல் உட்காரும். உருளையைத் திருகினால் தந்தி இடம் வலமாக நகரும். கலப்பு உறுப்புகளை வைத்துச் செய்பவருக்கு இது பெரிய உதவி என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, இனி அந்த இரண்டு மி.மீ.

உடலில் கழுத்து உட்காரும் பள்ளத்தின் அகலம் 64, என் கழுத்து 62. கழுத்தை வைத்துத் தலையைப் பிடித்து ஆட்டினால் கடிகார முள் போல அசைந்தது. பள்ளத்தின் ஆழமும் 18 இருந்தது. வழக்கமாக 16 இருக்கும். ஆழம் கூடினால் விரல் பலகை உடலை ஒட்டித் தாழ்ந்துவிடும். பிரிட்ஜ் உருளைகளை அடிமட்டம் வரை இறக்கினாலும் தந்தி உயரத்திலேயே நிற்கும். சும்மா வைத்துப் பார்த்தபோது 17-வது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 5 மி.மீ. இருந்தது. அதில் ஒரு பாட்டு வாசித்தால் விரல் வீங்கிவிடும்.

பலரும் இதற்கு ஒரு விசிட்டிங் கார்டை மடித்துப் பள்ளத்தின் பின்பக்கம் வைப்பார்கள். கழுத்து லேசாகச் சாய்ந்து தந்தி இறங்கும். நானும் முதலில் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். தந்தி இறங்கியது. ஆனால் அட்டைக்கு முன்னால் வெறும் காற்று. நான்கு திருகாணி இறுக்கும்போது கழுத்தின் அடிப்பகுதி அந்தக் காற்றை நோக்கி அமுங்குகிறது. வருஷங்கள் போகப் போக கடைசி ஃப்ரெட்டுகள் மேலே எழும்பிவிடும் என்று பழைய கிடார்களைத் திறந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். முப்பது வருஷம் பரண் சூட்டைத் தாங்கிய கழுத்துக்கு நான் அதைச் செய்ய விரும்பவில்லை.

எங்கள் தெருவில் கதவு ஜன்னல் செய்யும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் அடிப்பகுதியின் அச்சை அட்டையில் வெட்டிக் கொடுத்து, அதே வடிவத்தில் 2 மி.மீ. தேக்குத் தகடு வேண்டும் என்றேன். அவர் மெல்லிய பலகையை ஒரு கட்டையில் இரட்டைப் பக்கப் பசை நாடாவால் ஒட்டி, இழைப்புளியைத் தள்ளினார். வெற்றிலை போலச் சுருள் சுருளாக வந்தது. ஒவ்வொரு நான்கைந்து இழைப்புக்கும் நான் வெர்னியரை வைத்துப் பார்ப்பேன். 2.6, 2.3, 2.1. "இதுக்கு மேல வேணாம் தம்பி, உப்புத்தாள்ல முடிச்சுக்கலாம்" என்றார். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, தகட்டை விரல் நுனியால் எட்டு வடிவில் தேய்த்து 2.0-க்கு வந்தோம். அதை ஒட்டவில்லை, பள்ளத்தில் முழுசாக விரித்து வைத்தேன். காற்றே இல்லை. தட்டினால் ஒரே மரம் மாதிரி ஒலித்தது.

பக்கவாட்டு இடைவெளிக்கு வெனீர் எனும் மெல்லிய மரத் தாள். மரக்கடையில் கிடைப்பது ஏறக்குறைய அரை மி.மீ. கனம். ஆனால் எந்தப் பக்கம் எத்தனை வைப்பது? இரண்டு பக்கமும் சமமாக வைத்தால் கழுத்து நேராக இருக்கும் என்று நினைப்பது தப்பு. பள்ளமே கொஞ்சம் கோணலாக வெட்டப்பட்டிருக்கலாம். அதனால் நூல் பிடித்தேன். தூண்டில் நரம்பு இரண்டை எடுத்து, நட்டில் முதல் தந்தி, நான்காவது தந்திப் பள்ளங்களில் கட்டி, பிரிட்ஜ் வரும் இடத்தில் 57 மி.மீ. இடைவெளியில் இழுத்துப் பிடித்தேன். கழுத்தின் இரு ஓரத்திலிருந்தும் நரம்பு ஒரே தூரத்தில் போக வேண்டும். அப்படி வரும் வரை கழுத்தை நகர்த்தினால், மேல் பக்கம் மூன்று வெனீர், கீழ்ப் பக்கம் ஒன்று என்று கணக்கு வந்தது.

பிரிட்ஜின் இடமும் அதே நரம்பில்தான் முடிவானது. உடலில் ஏற்கெனவே இருந்த துளைகளில் மாட்டியிருந்தால் பிரிட்ஜ் சரியான இடத்திலிருந்து 6 மி.மீ. தள்ளிப் போயிருக்கும். சுதி ஒருநாளும் நிற்காது. நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜும் அவ்வளவே. இது சட்டம். ஆனால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் இழுபட்டு சுதி ஏறும், தடித்த தந்தியில் அது இன்னும் அதிகம். அதனால் ஒவ்வொரு தந்தியும் அந்த 431.8-ஐக் கொஞ்சம் தாண்டிப் பின்னால் உட்கார வேண்டும். மெல்லிய ஜி தந்திக்கு இரண்டு மி.மீ.க்குள், தடித்த ஈ தந்திக்கு நாலைந்து மி.மீ. ஆகவே ஜி தந்தியின் உருளையை முன் எல்லைக்குக் கொண்டுவந்து, அதைச் சரியாக 431.8-ல் வைத்து, பிரிட்ஜைப் பென்சிலால் குறித்தேன். பின்னால் போவதற்கு நிறைய இடம் கிடைத்தது. பழைய துளைகளில் பீச் மரக் குச்சியை ஃபெவிகாலோடு அடித்து, மறுநாள் உளியால் சமன் செய்தேன். பிரிட்ஜ் அவற்றை மறைத்துவிட்டது.

கழுத்துத் திருகாணிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், பழுதுபார்த்த கிடார்களில் நான் அதிகம் பார்த்த தவறு இது. உடலில் இருக்கும் துளை திருகாணியைவிட ஒரு இழை பெரிதாக இருக்க வேண்டும், திருகாணி அதில் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். பிடிப்பு கழுத்தில் மட்டும்தான். உடலிலும் மரை பிடித்தால், எவ்வளவு முறுக்கினாலும் கழுத்துக்கும் உடலுக்கும் நடுவே ஒரு தாள் இடைவெளி நின்றுவிடும். என் கழுத்தின் பழைய துளைகள் புதிய உடலின் துளைகளோடு சேரவில்லை. அவற்றையும் பீச் குச்சியால் அடைத்துவிட்டுப் புதிதாகத் துளைத்தேன். கழுத்தின் கனம் 25, தகடு 2, அதற்குக் கீழே உடல். துளைக்கும் பிட்டில் 18 மி.மீ.க்கு ஒரு சிவப்பு டேப் சுற்றி, டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் போனால் விரல் பலகை வழியாக வெளியே வந்துவிடும். நான்கு துளை போடுவதற்குள் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. திருகாணிக்குக் கொஞ்சம் மெழுகு தடவினால் மேப்பிளில் சுகமாக இறங்கும்.

அப்புறம் கழுத்தின் வளைவு. வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த இரும்புக் கம்பியான டிரஸ் ராடின் தலை அடிப்பக்கம் இருப்பதால், திருகுவதற்கு ஒவ்வொரு முறையும் கழுத்தைக் கழற்ற வேண்டும். அது துரு பிடித்து இறுகியிருந்தது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைத்தேன். மறுநாள் பலமாகத் திருகவில்லை, அது அறுந்தால் கழுத்தே போய்விடும். இரண்டு முனைக்கும் அடியில் கட்டை வைத்து, நடுவில் சி கிளாம்பால் மெதுவாக அழுத்திக் கழுத்தை நேராக்கிவிட்டு, அந்த நிலையில் கால் சுற்று. ஒரு நாள் விட்டு இன்னொரு கால் சுற்று. இப்படிச் செய்தால் மரத்தை வளைக்கும் வேலையை கிளாம்ப் செய்கிறது, ராடு அதைப் பிடித்து வைத்தால் மட்டும் போதும்.

ஃப்ரெட்டுகளில் மூன்றாவதிலிருந்து ஏழாவது வரை, ஏ தந்தியின் கீழே ஆழமான குழிகள். எத்தனை ஆயிரம் பாட்டு வாசித்திருந்தால் நிக்கலில் அப்படிக் குழி விழும்! மற்ற ஃப்ரெட்டுகள் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தன. புது ஃப்ரெட் போட எனக்கு மனசு வரவில்லை, சமன் செய்ய உயரமும் போதுமானதாக இருந்தது. சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கருங்கல் துண்டு ஒன்று வீட்டில் இருந்தது, ஒரு அடி நீளம், மழமழவென்று நேரானது. அதில் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஃப்ரெட்டுகளின் தலையில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டு, கல்லின் எடையிலேயே முன்னும் பின்னும் ஓட்டினேன். உயரமான இடத்தில் மை உடனே போகும். குழியில் கடைசி வரை நிற்கும். எல்லா ஃப்ரெட்டிலும் மை போனபோது நிறுத்தினேன். தட்டையான தலைகளை முக்கோண அரத்தால் மறுபடி உருண்டையாக்க வேண்டும். அரத்தின் கூர் ஓரங்களைச் சாணைக்கல்லில் மழுங்கடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் விரல் பலகையைக் கீறிவிடும். இருபது ஃப்ரெட், இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

விரல் பலகையின் மரத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அங்கேயும் மூன்றாவது, ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு முன்னால் விரல் நுனி பட்டு மரம் லேசாகக் குழிந்திருந்தது. துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்ததோடு சரி.

இனி பிக்கப். ஐந்து மாதத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது இதில்தான்.

பிரிசிஷன் பேஸுக்கு 1957-ல் வந்த இந்த இரு துண்டு பிக்கப் எளிமையான, அழகான யோசனை. ஒரு துண்டு ஈ, ஏ தந்திகளுக்கு, இன்னொன்று டி, ஜி தந்திகளுக்கு. இரண்டின் காந்தமும் எதிரெதிர் துருவம், கம்பிச் சுற்றும் எதிரெதிர். தொடராக இணைத்தால் தந்தியின் ஒலி வந்துவிடும், ட்யூப்லைட்டும் மின்விசிறியும் கிளப்பும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒவ்வொரு பாதியிலும் ஏறக்குறைய 10,000 சுற்று, 42 கேஜ் கம்பி.

செத்த பாதியை எங்கள் பக்கத்து மோட்டார் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோய் "42 கேஜ் கம்பியில் சுத்தித் தாங்க" என்றேன். அவர் சுத்தமாகச் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மீட்டரில் பார்த்தால் 800 ஓம் சொச்சம். உயிரோடு இருக்கும் பாதியில் 5.1 கிலோ. எங்கே தப்பு என்று இரண்டு நாள் புரியவில்லை. பிறகு வெர்னியரை வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. நான் சொன்ன 42, அமெரிக்க கேஜ். அதன் தாமிரம் 0.063 மி.மீ. நம் ஊர் வைண்டிங் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் கேஜ். அதில் 42 என்றால் 0.1 மி.மீ. கனம் கூடியதால் சுற்றும் குறைந்தது, ஒரு மீட்டருக்கான ஓமும் குறைந்தது. அமெரிக்க 42-க்கு மிக அருகில் வருவது பிரிட்டிஷ் கேஜில் 46, அது 0.061. கடைக்காரர் மேல் ஒரு குறையும் இல்லை, கேட்டதைத்தான் செய்தார். கம்பி வாங்கப் போகிறவர்கள் எண்ணைச் சொல்லாமல் மி.மீ.யில் கேளுங்கள்.

46 கம்பியைப் பாரிமுனையில் தேடி வாங்கினேன். தலைமுடி அளவுதான், கடை வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. கடைக்காரரும் "இவ்வளவு மெல்லிசு சுத்த மாட்டேன் சார், அறுந்துக்கிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டதால் நானே சுற்றினேன். பழைய தையல் மெஷின் மோட்டாரின் முனையில் பிக்கப் தட்டைத் திருகி, பக்கத்தில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டினேன். சுற்றை எண்ண ஒரு சாதாரண கால்குலேட்டர். அதைத் திறந்து, சமக்குறி பொத்தானின் இரண்டு முனையிலும் காந்தம் அருகே வந்தால் இணையும் ஒரு ரீட் சுவிட்சைப் பற்றவைத்தேன். 1 கூட்டல் 1 என்று அடித்து வைத்துவிட்டால், காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் எண் ஒன்று ஏறும். கம்பியை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் ஃபெல்ட் துணியில் பிடித்து, இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்த வேண்டும். இறுக்கினால் அறும், தளர்த்தினால் உள்ளே நெளிந்து நின்று பின்னால் கீச்சிடும். 3,000-ல் ஒருமுறை அறுந்தது. 7,400-ல் இன்னொரு முறை. மூன்றாவது தடவை மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 9,800-ல் நிறுத்தினேன். மீட்டரில் 5.0 கிலோ. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை. பால் காய்ச்சும் இரட்டைப் பாத்திரத்தில் மெழுகை உருக்கி, 65 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, காற்றுக் குமிழி நிற்கும் வரை முக்கி எடுத்தேன்.

இரண்டு பாதியையும் இணைத்து ஆம்பில் போட்டால் இரைச்சல். தந்தியெல்லாம் நன்றாகவே கேட்கிறது, ஆனால் கூடவே தேனீக்கூடு போல ஒரு ம்ம்ம். சாதாரண இரட்டை பிக்கப்பில் இணைப்பு மாறினால் ஒலியே மெலிந்து காட்டிக்கொடுக்கும். இதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரே பாதிதான் என்பதால் ஒலி மெலியாது, இரைச்சல் மட்டும் அடிபடாமல் இரண்டு மடங்காகச் சேரும். திசைகாட்டியை வைத்துப் பார்த்தேன். காந்தங்கள் எதிரெதிராகத்தான் இருந்தன. அப்படியென்றால் சுற்றின் திசைதான் தப்பு. பழைய முள் வைத்த மீட்டரை ஒரு பாதியில் மாட்டி, காந்தத்தின் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சட்டென்று எடுத்தேன். முள் வலப்பக்கம் துள்ளியது. இன்னொரு பாதியில் இடப்பக்கம். இரண்டிலும் ஒரே பக்கம் துள்ளினால்தான் சரி. நான் சுற்றிய பாதியின் இரண்டு ஒயரையும் மாற்றிப் பற்றவைத்தேன். ம்ம்ம் போய்விட்டது. அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது.

மின்சார வேலையில் மிச்சம் கொஞ்சம்தான். ரிச்சி தெருவில் குமிழ்களுக்கு 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்கள் இரண்டு. லாக் வகை கேட்டால் பல நேரம் லீனியர் வகைதான் கைக்கு வரும், வாங்குவதற்கு முன் குமிழை நடுவில் வைத்து மீட்டரில் பாருங்கள். 125 கிலோ காட்டினால் லீனியர், அதைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால் லாக். டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், பச்சை நிறத்தில் 473 என்று எழுதியிருக்கும், சில ரூபாய்தான். பள்ளத்துக்குள் தாமிர நாடா ஒட்டினேன். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு ஒயரை எர்த்துக்குக் கொண்டுவந்தேன். தலையில் தந்தியை முறுக்கும் பழைய சாவிகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் பல் எல்லாம் நன்றாகவே இருந்தன.

தந்தி, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் 45-லிருந்து 105 வரை கனம் உள்ள நிக்கல் செட். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுக்கும், அந்த இழுப்பில் கழுத்து வளைந்து நிற்க ஒரு நாள் வேண்டும். மறுநாள் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, எட்டாவதில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்தேன். 0.7. கழற்றி ராடை இன்னொரு அரைக்கால் சுற்று, மறுபடி மாட்டி 0.4. அதற்குப் பிறகு 17-வது ஃப்ரெட்டில் ஈ தந்தி 2.8, ஜி தந்தி 2.4. முதல் நாள் 5 இருந்த இடம் இது. ஈ தந்தி மட்டும் காந்தத்தின் நடுவை விட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. ஷாலர் உருளையை ஒன்றரைச் சுற்று திருகியதும் நேராகிவிட்டது. மொத்த எடை 4.1 கிலோ.

ஆவணியில் திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா உடலைப் பார்க்கவே இல்லை. கறுப்பு நன்றாக இருக்கிறதா, பிரிட்ஜ் எந்த ஊர் என்றெல்லாம் கேட்கவில்லை. மடியில் வைத்து இடது கையைக் கழுத்தின் மேல் ஓட்டினார். ஐந்தாவது ஃப்ரெட்டில் விரல் நின்றது. கட்டைவிரல் பின்னால் எதையோ தேடி, கண்டுபிடித்தது போல அமர்ந்தது.

"பலகைய இழைக்கலையா நீ?"

"இல்ல சித்தப்பா. ஃப்ரெட் மட்டும்தான்."

அவர் எதுவும் சொல்லவில்லை. ஆம்பைப் போட்டேன். முதலில் வெறும் ஏ தந்தியை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தார், பிறகு மெதுவாக ஐந்தாவதுக்கு ஏறினார், எட்டாவதிலிருந்து இறங்கினார். கை எதையும் மறந்திருக்கவில்லை. சித்தி அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார். கால் மணி நேரம் போயிருக்கும்.

"ஈ தந்திய இன்னும் ஒரு மயிரிழை இறக்குடா, எனக்கு அப்படித்தான் பழக்கம்."

பையில் இருந்த ஆலன் சாவியை எடுத்து உருளையின் உயரத் திருகாணியைக் கால் சுற்று இறக்கினேன். அவர் திரும்பத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்."